ஆபீஸ் சாப்ட்வேர்: இலவசம் போதுமா, விலை கொடுக்க வேண்டுமா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. முதல் சில வாரங்களுக்கு வேர்ட், எக்ஸெல் எல்லாம் நன்றாகத் திறக்கின்றன. பின்னர் ஒரு நாள், சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு செய்தி திரையில் வருகிறது. அதன் பிறகு பழைய பைல்களைப் படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஓர் எழுத்தைக் கூட மாற்ற முடியாது. கடைக்காரரைக் கேட்டால், "பணம் கட்டி வாங்கிடுங்க சார்" என்கிறார். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ, "எதுக்கு அங்கிள் பணம், இலவசமாவே கிடைக்குதே" என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். உங்களுக்கு எது சரி என்று முடிவு செய்வது எப்படி? நீங்கள் உருவாக்கும் பைல் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தாலே போதும். முதலில் என்னென்ன கிடைக்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

விலை கொடுத்துப் பெறுபவை

மைக்ரோசாப்ட் ஆபீஸ் இன்று மூன்று வழிகளில் நம்மிடம் வருகிறது.

ஒன்று, ஆண்டுச் சந்தா. மைக்ரோசாப்ட் 365 என்ற பெயரில் கிடைக்கும் இதற்கு ஆண்டுதோறும் சில ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்திற்கான திட்டத்தை ஆறு பேர் வரை பகிர்ந்து கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் இணையத்தில் 1 டெராபைட் இடம் கிடைக்கும். கட்டுவதை நிறுத்தினால் எடிட் செய்யும் வசதியும் நின்றுவிடும்.

இரண்டாவது, ஒரே முறை பணம் கட்டி வாங்குவது. ஆபீஸ் 2024 இவ்வகையைச் சேர்ந்தது. இதை ஒரு கம்ப்யூட்டரில் பயன்படுத்தலாம். அடுத்த பதிப்பு வந்தால் அது தானாகக் கிடைக்காது.

மூன்றாவது, புதிய லேப்டாப்புடன் சேர்ந்தே வருவது. உங்கள் பில்லையும் பெட்டியையும் ஒரு முறை பாருங்கள். முழு உரிமையுடன் ஆபீஸ் தரப்பட்டிருந்தால், உடனே உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவு செய்து கொள்ளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. பெட்டியில் இருப்பதைக் கவனிக்காமல் மீண்டும் பணம் கட்ட வேண்டாம்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். வீட்டு உபயோகத்திற்கும் மாணவர்களுக்கும் என விற்கப்படும் பதிப்புகளைக் கடை வியாபாரத்திற்குப் பயன்படுத்த உரிமம் இடம் தருவதில்லை. வியாபாரத்திற்கென வேறு பதிப்பு உண்டு, விலையும் கூடுதல்.

இலவசமாய்க் கிடைப்பவை

இவற்றில் முதலிடம் லிப்ரே ஆபீஸுக்கு. கடிதம் எழுத ரைட்டர், கணக்குப் போட கால்க், காட்சிப் படங்களுக்கு இம்ப்ரெஸ் என எல்லாமே ஒரே தொகுப்பில் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்துவிட்டால் பின்னர் இணைய இணைப்பு தேவையில்லை. சோதனைக் காலம் என்று எதுவும் கிடையாது. வீட்டிலும் கடையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இதன் பின்னணியையும் தெரிந்து கொள்வது நல்லது. ஸ்டார் ஆபீஸ் என்ற தொகுப்பை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999ல் வாங்கி, அதன் மூல நிரலை 2000ல் பொதுவில் வெளியிட்டது. அதுவே ஓப்பன் ஆபீஸ் ஆனது. 2010ல் சன் நிறுவனம் ஆரக்கிள் வசம் போனது. அதே ஆண்டு செப்டம்பரில், அதை உருவாக்கியவர்களில் பலர் பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். ஓப்பன் ஆபீஸ் இன்றும் கிடைக்கிறது. ஆனால் புதிய வசதிகள் தொடர்ந்து சேர்க்கப்படுவது லிப்ரே ஆபீஸில்தான். எனவே புதிதாக டவுன்லோட் செய்பவர்கள் லிப்ரே ஆபீஸையே தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது, இணையத்திலேயே இயங்குபவை. ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் டாக்ஸ் கிடைக்கும். மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்றை இலவசமாகத் தொடங்கினால் வேர்ட், எக்ஸெல் ஆகியவற்றின் இணையப் பதிப்புகள் கிடைக்கும். ஒரே பைலில் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய இவை மிகவும் வசதி. இணைப்பு விட்டு விட்டு வரும் இடத்தில் மட்டும் சற்றுச் சிரமம்.

நம் பள்ளிகளில் நடந்தது

இலவச ஆபீஸ் தொகுப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. தமிழகத்தில் பிளஸ் 2 கணினி அறிவியல் படித்தவர்கள் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபீஸைத்தான் பாடமாகப் படித்தார்கள். 2018ல் வந்த பிளஸ் 1 கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் மூன்றும் பாடங்களாக உள்ளன. 2011ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. பக்கத்தில் கேரளாவிலும் அரசுப் பள்ளிகள் லினக்ஸிலும் இலவசத் தொகுப்புகளிலும் பாடம் நடத்துகின்றன.

ஆனால் பள்ளியில் ரைட்டர் படித்த மாணவர் வேலைக்குப் போகும் இடத்தில் பெரும்பாலும் வேர்ட்தான் இருக்கும். இந்த இடைவெளிதான் பெற்றோரைக் குழப்புகிறது. பத்தி அமைப்பது, அட்டவணை போடுவது, பார்முலா எழுதுவது ஆகியவை எல்லாத் தொகுப்புகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பட்டன் இருக்கும் இடம் மட்டும் மாறும். ஒன்றை ஒழுங்காகக் கற்றவருக்கு மற்றொன்று சில நாட்களில் பழகிவிடும்.

அலங்காநல்லூரில் ஒரு வீடு

எடுத்துக்காட்டாக, அலங்காநல்லூரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். அப்பாவுக்கு மாட்டுத் தீவனக் கடை. அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதுகிறார். மகள் பிளஸ் 1 மாணவி. மகன் மதுரையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். சில இரவுகளில் வீட்டிலும் வேலை உண்டு. வீட்டில் இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர்.

அப்பாவின் கடன் நோட்டும் சரக்குப் பட்டியலும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். வரிசைகள் தீர்ந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். எக்ஸெல் போலவே இதிலும் 10,48,576 வரிசைகள் உண்டு.

அம்மாவின் கணக்கு பிரிண்ட் ஆகக் கூட்டத்திற்குப் போகிறது. சில நேரம் பிடிஎப் பைலாக வாட்ஸ்அப்பில் போகிறது. பெறுபவர் அதை மாற்றப் போவதில்லை. இதற்கும் இலவசத் தொகுப்பே போதும். பைல் மெனுவில் பிடிஎப் ஆக மாற்றும் வசதி இருக்கிறது.

மகளின் பாடநூலில் இருப்பதே ஓப்பன் ஆபீஸ். லிப்ரே ஆபீஸில் பயிற்சி செய்தால் பாடமும் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒத்துப் போகும்.

மகனின் நிலை வேறு. அலுவலகத்தின் எக்ஸெல் பைலில் மேக்ரோ எனப்படும் தானியங்கிக் கட்டளைகள் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் இவற்றில் சில ஓடும், சில ஓடாது. அந்த பைல் மறுநாள் காலை அலுவலகத்திற்கே திரும்பிப் போக வேண்டும். இங்கே சிக்கனம் பார்த்தால் வேலைக்கே கேடு. இவருக்கு மைக்ரோசாப்ட் ஆபீஸ் அவசியம். ஆனால் அதற்கான உரிமத்தைத் தர வேண்டியது நிறுவனம். முதலில் அங்கே கேட்கட்டும்.

ஆக, நான்கு பேரில் மூவருக்குப் பணம் கட்டத் தேவையில்லை. இரண்டு தொகுப்புகளும் ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் இருக்கும் என்பதால், ஒருவருக்காக எல்லோரும் மாற வேண்டியதும் இல்லை.

"ஓசி" ஆபீஸ் இலவசம் அல்ல

"நானே போட்டுத் தர்றேன்" என்று சிலர் திருட்டுப் பிரதியை இன்ஸ்டால் செய்து தருவார்கள். இது சட்ட விரோதம் என்பது ஒரு பக்கம். இதன் பூட்டை உடைக்கும் சிறு புரோகிராம், இயங்கும் முன் ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்லும். வீட்டுக் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம் இது. அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் பார்க்கிறீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன.

தமிழில் எழுதுபவர்களுக்கு

திருவிழா நோட்டீஸ் ஒன்றை வீட்டில் டைப் செய்து அச்சகத்திற்குக் கொண்டு போகிறீர்கள். அங்கே திறந்தால் கட்டம் கட்டமாகவோ, பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவோ தெரிகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஆபீஸ் தொகுப்பு அல்ல, எழுத்துருதான்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் மறைந்துவிடும். யூனிகோட் முறையில் தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் உண்டு. தமிழக அரசும் 2010ல் யூனிகோடை ஏற்றது. எனவே எந்தத் தொகுப்பாக இருந்தாலும் யூனிகோடிலேயே டைப் செய்திடுங்கள். அச்சகம் பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறது என்றால், பைலுடன் ஒரு பிடிஎப் நகலும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

லதா எழுத்துரு விண்டோஸ் 10, 11ல் தானாக வருவதில்லை. கூடுதல் வசதியாகச் சேர்க்க வேண்டும். நிர்மலா யுஐ எழுத்துரு உடனிருக்கும்.

ஒரு மாலைப் பொழுதில் சோதித்துப் பாருங்கள்

1. லிப்ரே ஆபீஸை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள்.

2. நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஐந்து பைல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் நகல்களை அதில் திறந்து பாருங்கள். மூலப் பைல்களைத் தொட வேண்டாம்.

3. பக்கங்களின் எண்ணிக்கை, அட்டவணை, கூட்டுத்தொகை, தமிழ் எழுத்து ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

4. மெனு பழக்கமில்லாமல் இருந்தால், வியூ மெனுவில் யூசர் இன்டர்பேஸ் சென்று டேப்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய வேர்டைப் போன்ற தோற்றம் கிடைக்கும்.

5. வேர்ட் வைத்திருப்பவருக்கு பைலை அனுப்பும்போது சேவ் ஆஸ் கொடுத்து டாக்எக்ஸ் வகையில் பதியுங்கள். உங்களிடம் மட்டும் இருக்கப் போகும் பைலை ஓடிடி வகையிலேயே வைத்துக் கொள்ளலாம். இது 2006ல் சர்வதேசத் தர நிர்ணயம் பெற்ற வகை.

6. ஒரு பைலை நண்பருக்கு அனுப்பி, அவர் திருத்தித் திருப்பி அனுப்பியதையும் திறந்து பாருங்கள்.

ஐந்து பைல்களும் சரியாக வந்தால் பணத்தை மிச்சப்படுத்தி, ஒரு நல்ல பென் டிரைவ் வாங்கி பேக்அப் எடுத்து வையுங்கள். ஏதேனும் ஒன்று சிதைந்தால், அந்த பைல் யாருக்காக, மாதத்தில் எத்தனை முறை தேவைப்படுகிறது என்று பாருங்கள். எப்போதாவது ஒரு முறை என்றால் வேர்டின் இலவச இணையப் பதிப்பு கை கொடுக்கும். தினமும் என்றால் தயங்காமல் விலை கொடுத்து வாங்குங்கள்.