முயல் தராத எதிர்ப்பொருள்

ஒரு கிலோ இறாலில் 0.3 மைக்ரோகிராம் குளோராம்ஃபெனிக்கால் கலந்திருந்தாலும் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் விதித்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் மைக்ரோகிராம். 2022 இறுதியில் அந்த வரம்பும் பாதியாகக் குறைந்து 0.15 ஆனது.

இந்தக் கெடுபிடிக்கு நியாயம் இருக்கிறது. டைஃபாய்டிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்த ஆன்டிபயாட்டிக் குளோராம்ஃபெனிக்கால். ஆனால் அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியையே நிறுத்திவிடும். எவ்வளவு உட்கொண்டால் ஆபத்தில்லை என்று கோடு கிழிக்க முடியாததால், உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அங்கே இதைக் கொடுக்கவே கூடாது. இந்திய வளர்ப்பு இறாலில் பத்தில் ஒரு சரக்கைச் சோதித்துவந்த ஐரோப்பா, ஆன்டிபயாட்டிக் எச்சங்களுக்காக 2016 இல் அதைப் பாதிச் சரக்காக உயர்த்தியது. கப்பல் அக்கரை சேர்ந்த பிறகு சரக்கு திரும்பி வந்தால் குளம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? குளத்தங்கரையிலேயே தெரிந்துகொள்ளும் வழி அவருக்கு வேண்டும்.

எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி கொண்டு செய்யும் சோதனைகள் இப்போதும் இருக்கின்றன. அந்த எதிர்ப்பொருளைப் பெரும்பாலும் முயல் போன்ற விலங்கின் உடலிலிருந்தோ அதன் செல்களிலிருந்தோதான் பெறுகிறார்கள். குளோராம்ஃபெனிக்கால் மூலக்கூறோ மிகச் சிறியது. அது தனியாக உள்ளே போனால் விலங்கின் உடல் பொருட்படுத்துவதே இல்லை. ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டி ஊசி போட வேண்டும். பல வாரம் கழித்துக் கிடைக்கும் எதிர்ப்பொருளும் புரதமே என்பதால், வெயிலில் கெடும், குளிர்பெட்டி கேட்கும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் மூலக்கூறு அச்சுப் பாலிமர். அதன் வேர் ஒரு தவறான கொள்கையில் இருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. உடலுக்குள் நுழைந்த அந்நியப் பொருளையே அச்சாகக் கொண்டு எதிர்ப்பொருள் மடிந்து உருவாகிறது என்று 1940 இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் எழுதினார். உடல் அப்படிச் செய்வதில்லை. விதவிதமான எதிர்ப்பொருள்களை முன்கூட்டியே வைத்திருந்து, பொருந்துவதைப் பெருக்குகிறது. ஆனால் பாலிங்கின் மாணவர் ஃபிராங்க் டிக்கி 1949 இல் ஒரு சாயத்தின் முன்னிலையில் சிலிக்கா ஜெல்லை உருவாக்கிச் சாயத்தைக் கழுவி நீக்கினார். அந்த ஜெல் அதே சாயத்தை விரும்பிப் பிடித்தது. உடலில் பொய்த்த கருத்து குடுவையில் பலித்தது.

1972 இல் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் இதைப் பாலிமருக்குக் கொண்டுவந்தார். 1993 இல் ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து கிளாஸ் மோஸ்பாக் குழு, ரத்தத்தில் கலந்த ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினை எதிர்ப்பொருளுக்கு நிகராகப் பாலிமரால் அளந்து காட்டியது.

செய்முறை இதுதான். பிடிக்க வேண்டிய மருந்தை மெத்தாக்ரிலிக் அமிலம் போன்ற மோனோமரோடு, அதாவது கோத்தால் பாலிமர் ஆகும் சிறு மூலக்கூறோடு, கரைசலில் கலக்கிறார்கள். மோனோமர்கள் மருந்தைச் சூழ்ந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்ளும். அந்த நிலையிலேயே, சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்பான் சேர்த்துச் சூடாக்கினால் எல்லாம் இறுகிப் பாலிமர் ஆகும். பிறகு மருந்தைக் கழுவி எடுக்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதி மெழுகை உருக்கி வெளியேற்றிய குழியில் உலோகம் வார்ப்பார். இங்கே நமக்கு வேண்டியது அந்தக் குழியேதான். வடிவமும் பிடிமானமும் ஒத்த மூலக்கூறு வந்தால் குழிக்குள் அமரும்.

1997 இல் டோக்கியோ ஆய்வாளர்கள் இதைக் குளோராம்ஃபெனிக்காலுக்கே பொருத்தினார்கள். சாயம் கோத்த குளோராம்ஃபெனிக்காலைக் குழிகளில் முன்கூட்டியே உட்காரவைத்தார்கள். மாதிரியில் உண்மையான மருந்து இருந்தால் அது வந்து இடம் கேட்கும். சாயம் கோத்தது வெளியேறும். வெளியேறிய நிறத்தை அளந்தால் மருந்தின் அளவு தெரியும்.

பெரிய தொல்லை கழுவுவதில் இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அச்சாக வைத்த மருந்தில் கொஞ்சம் பாலிமருக்குள் தங்கிவிடும். சோதனையின்போது மெல்லக் கசியும். தேடுவதோ மைக்ரோகிராமின் பின்னம். கசிந்தது இறாலுக்குரியதா, பாலிமருக்குரியதா? குற்றமற்ற சரக்கின் மேல் பழி விழலாம். இதற்கு ஒரு நல்ல உபாயம் கண்டார்கள்: குளோராம்ஃபெனிக்காலுக்குப் பதிலாக அதன் நெருங்கிய உறவான தயாம்ஃபெனிக்காலை அச்சாக வைப்பது. அது கசிந்தாலும் அளக்கும் கருவி வேறுபடுத்திக் காட்டிவிடும்.

இன்னொரு குறை, குழிகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. இங்கிலாந்தில் செர்கை பிலெட்ஸ்கி குழு, மருந்தைக் கண்ணாடி மணிகளில் ஒட்டிவைத்து அவற்றைச் சுற்றி நானோ துகள்களை வளர்த்தது. குளிர்ந்த நீரில் கழுவினால் பலவீனமாகப் பிடித்தவை போய்விடும். பிறகு சூடான நீர் விட்டால் இறுகப் பிடித்தவை மட்டும் கிடைக்கும். அந்தத் துகள்களை எதிர்ப்பொருளின் இடத்தில் வைத்து வான்கோமைசினை ரத்த பிளாஸ்மாவில் அளந்ததாக 2013 இல் கட்டுரை வெளியானது. இந்த வழிதான் தொலைதூரம் போகும் என்று நம்புகிறேன்.

இன்று இந்தப் பாலிமர் அதிகம் உழைப்பது ஆய்வகத்துக்குள், பெரிய கருவிக்கு முன்னால். சிறு குழாயில் அடைத்த பாலிமர், அரைத்த இறாலின் சாற்றிலிருந்து மருந்தை மட்டும் பிடித்துவைக்க, மாதிரி சுத்தமாகி, மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறைமாலைமானிக்குப் போகிறது. குளத்தங்கரைக்கு வருவதற்குத் தடையும் அந்தச் சாறுதான். அதிலுள்ள புரதமும் கொழுப்பும் பாலிமரின் மேல் படிந்து குழிகளை மறைக்கின்றன; நீரோ ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் போட்டியிடுகிறது. புதிய மோனோமர்களைத் தேடுவதைவிட, அந்தச் சாற்றை ஓர் இறால் பண்ணையாளர் தன் கையாலேயே தெளியவைக்க எளிய வழி கண்டுபிடிப்பது அவசரம் என்பேன்.