காலையில வித்து மதியம் வாங்கினா, வித்த கணக்கே இல்ல

நிறைய பேர் கேட்ட கேள்வி: நஷ்டத்துல இருக்கிற ஷேரை வித்துட்டு உடனே திரும்ப வாங்கலாமா? வாங்கலாம். ஆனா நான் வாங்கின மாதிரி வாங்காதீங்க.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. அந்த நிதியாண்டோட கடைசி டிரேடிங் நாள். திங்கள் 31 ரம்ஜான் லீவு. ஒரு ஷேர்ல எனக்கு 30,000 ரூபாய் நஷ்டம். அதைக் காட்டினா, வேற ஷேர்ல வந்த குறுகிய கால லாபத்துக்கான 20% வரியில 6,000 ரூபாய் மிச்சம். காலையில வித்தேன், மதியம் அதே ஷேரை வாங்கிட்டேன். பெரிய புத்திசாலின்னு நினைப்பு வேற!

2023 ஜனவரி 27-லேர்ந்து நம்ம நாட்டுல எல்லா ஷேருக்கும் டி+1. அதாவது வித்ததுக்கு அடுத்த வேலை நாள்தான் ஷேரும் பணமும் கைமாறும். ஒரே நாள்ல ஒரே ஷேரை வித்து வாங்கினா, ரெண்டையும் கழிச்சு மிச்சத்தைத்தான் செட்டில் பண்ணுவாங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கடைக்கு 5 கிலோ மல்லி போட்டுட்டு, சாயங்காலம் நோட்டு முடிக்கிறதுக்குள்ள 5 கிலோ திருப்பி எடுத்த மாதிரி. சரக்குக் கணக்கு பூஜ்யம். என் ஷேர் டீமேட்டை விட்டுப் போகவே இல்ல. வாங்கின பழைய தேதி, பழைய விலை அப்படியே நின்னுச்சு. நடந்தது வெறும் இன்ட்ராடே.

ஏப்ரல் 1 வாங்கியிருந்தா நஷ்டம் ஏறியிருக்கும். வரிக்கு வித்த தேதிதான் கணக்கு, செட்டில்மென்ட் தேதி இல்ல. அமெரிக்காவுல மாதிரி 30 நாள் காத்திருக்கிற விதியும் இங்க கிடையாது. நடுவுல விலை ஏறிடுமோன்னு பயந்தேன். அந்தப் பயத்தோட விலை 6,000.

வித்த பணம்? அதை வச்சு அன்னிக்கே வேற ஷேர் வாங்கப் பெரும்பாலான புரோக்கர்கள் விடுவாங்க. பேங்குக்கு எடுக்கணும்னா மறுநாள் வரை பொறுக்கணும்.