உடனடி அறுவையும் மீட்சியின் ஒழுங்கும்

அறுவை மருத்துவம் அதன் விரைவு நோக்கி இருவகைப்படும். நாள் குறித்து, உடலைப் பண்படுத்திய பின் செய்வது திட்டமிட்ட அறுவை. குடல் துளைபட்டோ, அடைபட்டோ, தொடையெலும்பின் கழுத்து முறிந்தோ, காத்திருக்க இயலாமற் செய்வது உடனடி அறுவை. இரண்டிலும் மீட்சியென்பது புண் ஆறுவது மட்டுமன்று. நோயாளர் தாமே உண்டு, நடந்து, தெளிந்த அறிவோடு முன்னைய வாழ்வுக்குத் திரும்புவதே மீட்சி.

எலும்பு முறிந்தோரின் சிறுநீரில் வெடியம் எனப்படும் நைட்ரசன் மிகுந்து வெளியேறுவதை, கிளாசுகோ நகரில் 1930-களில் டேவிட் கத்பெர்ட்சன் அளந்தார். காயமுற்ற உடல் தன் தசையையே கரைக்கிறது என்பது அதனால் விளங்கிற்று. அறுவையும் ஒரு காயமே. இயக்குநீர்கள் பெருகிக் குருதிச் சருக்கரை உயர்கிறது. இன்சுலினின் ஆற்றல் தளர்கிறது. குடலின் அசைவு ஒடுங்குகிறது. இத்தாக்கங்களைத் தனியொரு மருந்தால் தணிக்க இயலாதென்றும், வலிநீக்கம், காலந்தாழ்த்தா உணவு, விரைந்து நடக்கவைத்தல் ஆகியவற்றை ஒருங்கிணைத்தே தணிக்கலாமென்றும் டென்மார்க்கின் என்றிக் கெலட் 1990-களில் பெருங்குடல் அறுவையில் காட்டினார்.

திட்டமிட்ட அறுவைக்கென எழுந்த அந்நெறி, உடனடி அறுவையில் மூன்று படிகளாகச் சுருங்குகிறது. அறுவைக்கு முன், குருதி நச்சுப்பாடு உண்டாயின் நுண்ணுயிர்க்கொல்லியைத் தாழ்க்காது செலுத்துதலும், உடலின் நீர்க்குறையை ஈடுசெய்தலும், உயிரிடரைக் கணித்தலும் வேண்டும். அறுவையின்போது, உடல்வெப்பம் குன்றாமல் காத்து, நீரை அளந்து ஏற்றி, நரம்பு மரப்பூசியால் வலியைத் தடுக்க வேண்டும். அறுவைக்குப் பின், பயன் முடிந்த குழாய்களை அகற்றி, உணவையும் நடையையும் தொடங்க வேண்டும்.

மூத்தோர்க்கு இன்னும் இரண்டு கூறுகள் சேரும். ஒன்று நொய்ம்மை: சிறு தாக்கத்தையும் தாங்கி மீள இயலாதவாறு உடலின் இருப்பாற்றல் குறைந்த நிலை. இது அகவையோடு ஒன்றன்று. எண்பதிலும் உரமுடையார் உளர், அறுபதிலும் நொய்ந்தார் உளர். மற்றொன்று திடீர் மனக்குழப்பம். இடுப்பு முறிந்து அறுவை முடிந்த மூதாட்டி, நள்ளிரவில் தாம் இருக்குமிடம் தெரியாது ஊசிக்குழாயைப் பிடுங்குகிறார். அவருடைய மூக்குக்கண்ணாடியும் செவித்துணைக் கருவியும் கைக்கெட்டும் இடத்திலிருத்தல், கண்ணுக்கெதிரே கடிகாரம், இரவில் கலையாத உறக்கம், அருகே பழகிய முகம் ஆகியவை இக்குழப்பத்தைத் தவிர்க்க உதவும். இடுப்பு முறிந்த மூத்தோர்க்கு, மருத்துவமனை சேர்ந்த நாளிலோ மறுநாளிலோ அறுவையும், அதற்கு அடுத்த நாளே எழுந்து நிற்கும் பயிற்சியும் வேண்டுமென்பது பிரித்தானிய வழிகாட்டு நெறி.

இக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பது அவற்றின் வரிசை. வலி தணியாவிடின் நோயாளர் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் அஞ்சுவார்; சளி தேங்கி நுரையீரல் நோயுறும். வலிக்கென அபினிவழி மருந்தை மிகையாக ஈந்தால், ஒடுங்கிய குடல் மேலும் ஒடுங்கும். குடல் ஒடுங்க உணவு நிற்கும். உணவு நிற்கத் தசை தேயும். தசை தேய நடை நீங்கும். ஆதலின் வலியைச் சரியான வழியில் தணிப்பவர், நோயாளரின் நடைக்கும் அப்போதே வழிசெய்கிறார்.