எலிக்குட்டியைத் தொட்ட கையும் தாயின் நாக்கும்

சேலம், நாமக்கல் சமவெளியில் செம்மறியும் வெள்ளாடும் வளர்ப்போர், பிறந்தது முதல் வீட்டுப் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சிய குட்டி மனிதரைக் கண்டு மிரளாது என்பதைப் பட்டியிலேயே கண்டறிந்தவர்கள். பிறந்த சில நாள்களில் கையாளப்பட்ட செம்மறிக் குட்டிகள் பின்னர் மனிதரைத் தாமாகவே நெருங்குகின்றன என்று வெளிநாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. அவ்வாறு கைபட்டு வளர்ந்த குட்டி, தன் இனத்துக் குட்டிகளோடு எவ்வாறு விளையாடும் என்பது வேறு கேள்வி. அதற்கு ஓரளவு விரிவான விடை ஆய்வுக்கூட எலிகளிடமிருந்தே கிடைத்துள்ளது.

அமெரிக்க உளவியலாளர் சீமோர் லெவின் 1950களில் தொடங்கிவைத்த முறை மிக எளியது. கண் திறவாத, மயிர் முளைக்காத, ஐந்தாறு கிராம் எடையே உள்ள எலிக்குட்டிகளை நாள்தோறும் ஏறத்தாழ 15 நிமிடங்கள் தாயிடமிருந்து எடுத்துத் தனியே வைத்து, மீண்டும் கூட்டில் விடுவதையே ஆய்வாளர்கள் ‘இளமைக் கையாளல்’ என்கின்றனர். முதல் இரண்டு, மூன்று வாரங்கள் இவ்வாறு கையாளப்பட்ட எலிகள், வளர்ந்தபின் அச்சமூட்டும் சூழலில் குறைவாகவே பதறின. நெருக்கடியின்போது சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் இயக்குநீரும் அவற்றின் குருதியில் விரைவாகத் தணிந்தது.

எலிகளின் விளையாட்டு, பிறந்த மூன்றாம் வாரத்தில் அரும்பி, 30 முதல் 40 நாள் வயதில் உச்சம் பெற்று, பருவமடைந்தபின் குறைகிறது. ஒரு குட்டி மற்றொன்றின் மேல் பாய்ந்து அதன் பிடரியை மூக்கால் தொட முயல, தாக்கப்பட்டது சட்டென மல்லாந்து கால்களால் தடுக்க, மேலே உள்ளது அதன் மார்பில் முன்கால்களை ஊன்றி ஒரு கணம் அழுத்திப் பிடிக்கிறது. அடுத்த நொடியே இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. உண்மையான சண்டையில் கடி விழும் இடம் இடுப்பும் பின்பகுதியுமே ஆதலால், குறி பிடரி என்பதைக் கொண்டே அது விளையாட்டு என்று பிரித்தறியலாம். மனிதச் செவிக்கு எட்டாத, 50 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளையும் அவை அப்போது எழுப்புகின்றன. அவ்வொலியை ஒருவகைச் சிரிப்பு என்றே யாக் பாங்க்செப் என்னும் ஆய்வாளர் கருதினார்.

கையாளப்பட்ட குட்டிகள், தொடப்படாமல் விடப்பட்டவற்றைவிடக் கூடுதலாக விளையாடின என்று பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் சிவி 2008இல் வெளியான ஆய்வில் தெரிவித்தார். இம்மாற்றங்களுக்கு மனிதக் கை நேரடிக் காரணமா என்பது ஐயத்துக்குரியது. கூட்டுக்குத் திரும்பிய குட்டிகளைத் தாய் வழக்கத்தைவிட மிகுதியாக நக்கிக்கொடுக்கிறது. அவ்வாறு மிகுதியாக நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் நெருக்கடியை எளிதில் தாங்குகின்றன என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து மைக்கேல் மீனியின் குழு 1997இல் காட்டியது. இயற்கையில் தாய் எலி இரை தேடி அவ்வப்போது வளையை விட்டு வெளியேறுவதால், இடையறாது தாயோடு அடைபட்டுக் கிடக்கும் கூண்டுக் குட்டிகளே இயல்புக்கு மாறானவை என்ற வாதமும் வலுவானது. அவ்வாறாயின், கையாளப்பட்ட குட்டி கூடுதலாகப் பெற்றது எது, ஒப்பீட்டுக் குட்டி இழந்தது எது என்று பிரிப்பதே கடினம்.

சிக்கல் இதோடு தீரவில்லை. குறைவாக நக்கும் தாய்களின் ஆண் குட்டிகளே மிகுதியாக மல்லாடுகின்றன என்று மீனியின் குழுவே 2008இல் கண்டது. ஆகவே, விளையாட்டு மிகுந்தால் தாய்ப் பராமரிப்பும் மிகுந்திருக்கும் என்ற எளிய கணக்கு செல்லாது. அதிகம் விளையாடும் குட்டியே நலமான குட்டி என்று முடிவுகட்டுவதும் அவசரமாகும்.

பிரிவின் நேரம் நீண்டால் விளைவே மாறிவிடுகிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா தம் குழுவினரோடு பயன்படுத்தும் முறையில், குட்டிகள் பிறந்த 2ஆம் நாள் முதல் 14ஆம் நாள்வரை நாள்தோறும் 3 மணி நேரம் தாயைப் பிரிகின்றன. அவை வளர்ந்தபின் பதற்றம் மிகுந்தவையாகின்றன. மேய்ச்சலுக்குப் போன தாயாடு மாலையில் திரும்பும்வரை பட்டியிலேயே காத்திருக்கும் குட்டிகளை இங்கு எண்ணிப் பார்ப்பது இயல்பே. ஆனால், பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நின்று கண்ணால் தாயைத் தேடும் ஆட்டுக்குட்டியும், குருட்டு நிலையில் பிறக்கும் எலிக்குட்டியும் ஒரே வளர்ச்சிப் படியில் பிறப்பவை அல்ல. எலியின் முடிவை ஆட்டின்மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது.

இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற மேச்சேரிச் செம்மறிக்கெனப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமும், நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. குட்டிகளின் துள்ளலையும் முட்டலையும் கணக்கெடுக்க ஒரு குறிப்பேடும் கடிகாரமும் பொறுமையும் போதும் என்பதால், கைபட்ட மேச்சேரிக் குட்டி தன் கூட்டத்தோடு எவ்வாறு விளையாடுகிறது என்ற கேள்வியை அவ்விரு நிறுவனங்களின் மாணவர்கள் கையிலெடுக்க வேண்டும்.