மழை நிற்காத நகரத்தில் ஒரு தேடல்

கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். ஹெல்சிங்கியில் பனி கொட்ட வேண்டிய நேரம், கொட்டுவதோ மழை. சுரங்க ரயில் பாதைகளில் வெள்ளம். கேட்பாரற்ற கார்கள் தெருவிலேயே எரிகின்றன. மலேரியா, காசநோய், எபோலா, பிளேக் என்று அரசின் எச்சரிக்கைப் பட்டியல் நீள்கிறது. மக்கள் வடகோடிக்கு ஓடுகிறார்கள். போலீஸ் நொடித்துப்போய், பாதுகாப்பு என்பது தனியார் செக்யூரிட்டி கம்பெனிகளின் வியாபாரமாகிவிட்டது. இந்த அமளியில் தபானி லெஹ்தினென் என்ற கவிஞர் காணாமல்போன தன் மனைவியைத் தேடி அலைகிறார்.

ஃபின்லாந்து எழுத்தாளர் ஆன்ட்டி துவொமைனெனின் 'பரன்தாயா' நாவல் 2010இல் வெளியானது. விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்த அவருக்கு இது மூன்றாவது நாவல். 2011இல் அந்நாட்டின் சிறந்த குற்ற நாவலுக்கான விருது கிடைத்தது. 2013இல் லோலா ரோஜர்ஸின் மொழிபெயர்ப்பில் 'தி ஹீலர்' என்று ஆங்கிலம் பேசியது.

மனைவி யொஹன்னா பத்திரிகையாளர். பருவநிலைச் சீரழிவுக்குக் காரணம் என்று தான் கருதும் தொழிலதிபர்களையும் அரசியல்வாதிகளையும் குடும்பத்தோடு கொல்லும் ஒருவனைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தவர். அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்தான் நாவலின் தலைப்பு: குணப்படுத்துபவன்.

துப்பறியும் கதைக்கு ஒரு பழைய ஒப்பந்தம் உண்டு. கொலை விழுந்தால் ஒழுங்கு குலையும். கொலைகாரன் சிக்கினால் அது திரும்பிவிடும். வாசகர் நிம்மதியாக விளக்கை அணைக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. கொலைகாரன் சிக்கினாலும் மழை விடப்போவதில்லை. பிறகு எதற்குத் துப்பறிவது? தபானிக்கு உலகைக் காப்பாற்றும் எண்ணம் துளியும் இல்லை. மனைவி வேண்டும், அவ்வளவுதான். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டாக்சி ஓட்டுநர் ஹமீதும், ஆள் பற்றாக்குறையிலும் வேலையை விடாத போலீஸ் அதிகாரி யாத்தினெனும் அந்தச் சின்னக் காரியத்துக்குத்தான் கைகொடுக்கிறார்கள். மறுபுறம், மனிதகுலத்துக்காகவே கொலை செய்வதாகச் சொல்லிக்கொள்பவனின் கணக்கில் குழந்தைகளும் அடக்கம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முடிச்சு அவிழ்வதில் தற்செயல்கள் அதிகம். கொலைகாரனும் வலுவான பாத்திரமாக உருவாகவில்லை. புத்தகத்தைத் தாங்குவது நகரம்தான். டிசம்பரில் ஹெல்சிங்கியின் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. தரையில் பனி கிடந்தால் இருக்கிற சொற்ப வெளிச்சமாவது பிரதிபலிக்கும். அது மழையானால் இருட்டு இரட்டிப்பாகும். இது வெறும் கற்பனையல்ல: ஃபின்லாந்து உலக சராசரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சூடேறுகிறது, அதிலும் குளிர்காலத்தில்தான் அதிகம். நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 2009 நவம்பரில், ஹெல்சிங்கியின் மத்திய ரயில் நிலைய மெட்ரோ உண்மையிலேயே வெள்ளத்தில் மூழ்கி மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. காரணம் பருவநிலை அல்ல, உடைந்த குடிநீர்க் குழாய்!

தீவிர இலக்கியம் பருவநிலை மாற்றத்தைக் கண்டுகொள்வதில்லை என்று அமிதவ் கோஷ் 2016இல் 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' நூலில் குறைபட்டுக்கொண்டார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, விமர்சகர்கள் ஓரமாக உட்காரவைக்கும் குற்ற நாவல் அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

ஆங்கிலத் தலைப்பில் ஒன்று மட்டும் நழுவிவிட்டது. ஃபின்னிஷ் மொழியில் 'பரன்தாயா' நோயைத் தீர்ப்பவன் மட்டுமல்ல, சீர்திருத்துபவனும்கூட. அதற்கு முன்னால் 'உலகம்' என்பதற்கான சொல்லைச் சேர்த்தால், ஊரைத் திருத்தக் கிளம்பியவரைக் கிண்டல் செய்யும் வார்த்தை கிடைக்கும்.