டர்ன்டேபிளுக்கு வெளியே ஒரு பவர் சப்ளை

அமெரிக்காவில் வாங்கிய பழைய பெல்ட் டர்ன்டேபிளை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நம் வீட்டு பிளக்கில் மாட்டினால் தட்டு சுற்றும், பாட்டும் கேட்கும். ஆனால் பாடுபவரின் சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் கீழே போயிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. அந்த மாதிரி டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, ஹெர்ட்ஸ். அதனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று போகவேண்டிய தட்டு 28-ஐக்கூடத் தொடாது.

பவர் சப்ளையைத் தனிப் பெட்டியாக வெளியே வைப்பதன் பெரிய பயன் இதில்தான் இருக்கிறது. நல்ல பெட்டி, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை முதலில் டிசி ஆக்கிவிடும். பிறகு மோட்டாருக்கு வேண்டிய ஹெர்ட்ஸில் சுத்தமான ஏசியைத் தானே புதிதாக உருவாக்கித் தரும். ஸ்காட்லாந்தின் லின் எல்பி12-ஐப் பாருங்கள். அதன் அடிப்படை மாடலில் 33⅓ மட்டும்தான். 45 வேண்டுமென்றால் மோட்டார் புல்லியின் மேல் ஒரு வளையம் மாட்டவேண்டும். லிங்கோ என்ற வெளிப் பெட்டி வந்த பிறகு பட்டனை அழுத்தினாலே போதும். 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 67.5 ஹெர்ட்ஸ் போகும், தட்டு 45-க்கு ஏறிவிடும். இங்கிலாந்தின் ரீகா பிளேனார் 3-க்கு நியோ பெட்டி செய்வதும் இதையேதான். அது இல்லையென்றால் தட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கையால் மாற்றவேண்டும்.

இன்னொரு பயன், ‘ம்ம்ம்’ என்ற ஹம் குறைவது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தருவது ஐந்து மில்லிவோல்ட்டுக்குள்தான். ஃபோனோ ப்ரீஆம்ப் அதை நூறு மடங்கு பெருக்குகிறது. அதோடு, 50 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைக் கூடுதலாகவே தூக்கிக் கொடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் காந்தப்புலமும் பாட்டோடு சேர்ந்து பெருகும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-இன் வேகத்தைக் குவார்ட்ஸ் பார்த்துக்கொள்கிறது. இருந்தும் சிலர் அதன் டிரான்ஸ்ஃபார்மரை வெளியே எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

மாட்டுவதற்கு முன் அடாப்டரின் லேபிளையும் டர்ன்டேபிளின் பின்பக்க எழுத்தையும் நல்ல வெளிச்சத்தில் படியுங்கள். அவுட்புட் என்ற வரிதான் முக்கியம். வளைந்த கோடு (~) இருந்தால் ஏசி. நேர்க்கோடும் அதன் கீழ் விட்டுவிட்டுப் போகும் கோடும் இருந்தால் டிசி. பின் சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது. ரீகாவுக்கு வேண்டியது 24 வோல்ட் ஏசி. அதில் 24 வோல்ட் டிசி கொடுத்தால் மோட்டார் சுற்றாது, காயில் சூடேறும். டிசி கேட்கும் டர்ன்டேபிளுக்கு ஏசி கொடுத்தால் உள்ளிருக்கும் சர்க்யூட்டே போய்விடலாம். டிசி என்றால் நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதையும் பார்க்கவேண்டும். வோல்ட் அப்படியே ஒத்திருக்கவேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. சில பழைய மாடல்களில் மோட்டாருக்கே நேரடியாக 110 அல்லது 230 வோல்ட் போகும். அங்கே வயரை வெட்டி ஒட்டும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, முதலில் பெட்டியிலிருந்து டர்ன்டேபிளுக்குப் போகும் வயரை மாட்டுங்கள். சுவர் பிளக் கடைசியில். கழற்றும்போது சுவர் பிளக் முதலில். ஆர்ம் பொதுவாக வலப்பக்கம் இருப்பதால் பெட்டியை இடப்பக்கம், இரண்டடியாவது தள்ளி வையுங்கள். பவர் வயரும் ஆடியோ வயரும் ஒன்றாகச் சுருண்டு கிடக்கக் கூடாது. குறுக்கே போயே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஆர்மிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர் ப்ரீஆம்பின் எர்த் திருகுக்குத்தான் போகவேண்டும், பவர் சப்ளைப் பெட்டிக்கு அல்ல.

பிறகும் ஹம் வருகிறதா? ஆர்மை அதன் தாங்கியிலேயே விட்டுவிட்டு, வால்யூமை அளவாக ஏற்றி, பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். ஹம் கூடிக் குறைந்தால் காரணம் பெட்டி. இன்னும் தள்ளி வைக்கலாம். பெட்டியை அணைத்த பிறகும் அதே அளவில் கேட்டால் எர்த் இணைப்பைப் பாருங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். நம் கிரிட்டின் ஹெர்ட்ஸ் பெரும்பாலும் 50-ஐ ஒட்டியே நிற்கிறது, அதனால் வேகத்தில் பெரிய தவறு வராது. பெல்ட் தொய்ந்து போயிருந்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. முதலில் பெல்ட்டை மாற்றுங்கள். ஆனால் மின்வெட்டு நேரத்தில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும் வீடுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்த மின்சாரத்தை நேரடியாக வாங்கும் சிங்க்ரனஸ் மோட்டார் உறுமும், அந்த அதிர்வு ஊசிவரை ஏறும்.

வேகத்தைத் திருத்தும் வசதி பெட்டியில் இருந்தால் ஸ்ட்ரோப் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் விளக்கில் 33⅓-க்கு 180 கோடுகள் உள்ள வட்டம் அசையாமல் நிற்கவேண்டும். அமெரிக்கத் தட்டில் அது 216 கோடாக இருக்கும், நமக்கு உதவாது. எல்இடி பல்புகள் பலவற்றில் கோடு தெரியாது, பழைய குண்டு பல்பே மேல். ஊசி ரெக்கார்டின் மேல் ஓடும்போதே பாருங்கள், ஏனென்றால் ஊசியின் உராய்வும் தட்டைச் சற்றே இழுக்கும்.