வழங்குவதா, பட்டுவாடா செய்வதா?

சந்தேகம்: அரசு மடிக்கணினி கொடுத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹேண்ட் அவுட்’ என்பதா, ‘டோல் அவுட்’ என்பதா? அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தானே இருக்கிறது? – வாசகர், உசிலம்பட்டி

விளக்கம்: பொருள் ஒன்றுதான், தொனிதான் வேறு. ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பது ‘ஹேண்ட் அவுட்’. தேர்வறையில் வினாத்தாள் கொடுப்பதும் தேனி ரோட்டில் நின்று நோட்டீஸ் கொடுப்பதும் அதுதான். வாங்குபவரை அது மட்டம் தட்டாது. (இரண்டையும் சேர்த்து ‘ஹேண்ட்அவுட்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் மட்டும் சில இடங்களில் தர்ம வாடை வரும்.)

‘டோல்’ அப்படியல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘பங்கு’ என்றுதான் பொருள். பிறகு ஏழைக்குப் போடும் தர்மமானது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆகவே ‘டோல் அவுட்’ என்றால் ‘அள்ளி இறைக்கிறார்கள்’ என்ற இளக்காரம் உள்ளே இருக்கும். 2006-ல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-ல் மடிக்கணினி, மிக்சி, கிரைண்டர் என்று தமிழகம் கொடுத்தவற்றைப் பிடிக்காதவர்கள் விரும்பி எடுத்த சொல் இது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் சொல்லின் இளக்காரம் போகவில்லை.

தமிழில் ‘பட்டுவாடா’வை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் பட்டுவாடா, சம்பளப் பட்டுவாடா என்று கௌரவமாக இருந்த சொல். இன்று ‘பணப் பட்டுவாடா’ என்றதும் ஓட்டுக்கு முந்தின ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. மாணவருக்கு மடிக்கணினியைப் ‘பட்டுவாடா செய்தார்கள்’ என்று எழுதுவீர்களா? அதே கூச்சம் ‘டோல் அவுட்’டிலும் வர வேண்டும்.

சந்தேகம்: ‘கிவ் அவுட்’டும் விநியோகம்தானே?

விளக்கம்: எதைக் கொடுத்தார்கள் என்று பின்னால் ஒரு பொருள் வந்தால் விநியோகம். வராவிட்டால் கதை மாறும். உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாயைப் பற்றி எழுதும்போது ‘த வாட்டர் கேவ் அவுட்’ என்று போட்டால், வைகைத் தண்ணீர் பிரித்துவிடப்பட்டது என்று அர்த்தமாகாது. தண்ணீர் தீர்ந்துபோனது என்று அர்த்தம்.

இன்னொன்று. ‘அவற்றை’ என்று சுட்டும்போது ‘ஹேண்ட் தெம் அவுட்’ என்று நடுவில்தான் போட வேண்டும். ‘ஹேண்ட் அவுட் தெம்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.